சாம்பல் மேட்டுக்கு கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ் வருகிறார்கள்: எதிலிருந்து ஆரம்பிப்பார்கள்?

ஹைவெல்ட்காற்று:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா பக்கம் ஒரு நிலக்கரி மின்நிலையம். உலர் சாம்பல் முறைதான்: நனைத்த சாம்பல் கன்வேயரில் வருகிறது, ஸ்டேக்கர் கொட்டுகிறது, டோசர் சரிவைச் சீர் செய்கிறது. மேட்டின் பழைய பகுதிக்கு அடியில் எதுவும் விரிக்கப்படவில்லை. நீட்டிப்புப் பகுதிக்கு மட்டும் கிளாஸ் சி லைனர் (கசிவைத் தடுக்கும் அடித்தளம்) இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கழிவு மேலாண்மை லைசென்ஸ். அடுத்த மாதம் இ.எம்.ஐ. குழு (கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ் என்கிற சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள்) சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது மூன்று விஷயம். புதிய பகுதியின் ஃபிங்கர் டிரெயினில் (லைனருக்கு மேலுள்ள வடிகாலில்) வரும் நீர் போன வருடத்தைவிடப் பாதியாகிவிட்டது, மழை அப்படி ஒன்றும் குறையவில்லை. கீழ்ப்பக்க போர்வெல் ஒன்றில் சல்ஃபேட் ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்தில் மூடிய நிலக்கரிச் சுரங்கம் இருப்பதால் "சுரங்கத்தைக் காரணமாகக் காட்டுங்கள்" என்கிறார் மேலாளர். குடியிருப்புப் பக்கத் தூசி வாளி (விழும் தூசியைப் பிடித்து அளப்பது) ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் வரம்பைத் தாண்டியிருக்கிறது.

அவர்கள் காகிதத்திலிருந்து ஆரம்பிப்பார்களா, மேட்டிலிருந்தா? எதை முதலில் சரி செய்வது?

---

பழைய_டோசர்:

லைசென்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2008ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், 2013இன் நெறிமுறைகள் எல்லாம் பின்னால்தான். கையில் உங்கள் லைசென்ஸின் நிபந்தனைப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: பதிவேடு என்ன சொல்கிறது, தரையில் என்ன இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா. பெரும்பாலான குறைகள் பிறப்பது மூன்றாவது கேள்வியில்தான்.

எல்லையை முதலில் பாருங்கள். லைசென்ஸில் உள்ள மூலைப் புள்ளிகளின் ஆயத்தொலைகளை எடுத்து, கடைசி டிரோன் சர்வே மீது போட்டுப் பாருங்கள். ஸ்டேக்கர் திரும்பும் முனையில் சாம்பல் எல்லையைத் தாண்டுவது சாதாரணமாக நடக்கிற காரியம். உயர வரம்பு, சரிவு விகிதம் இரண்டையும் அதே சர்வேயில் சரிபாருங்கள். லைசென்ஸில் 1:5 என்று இருந்து தரையில் 1:3 என்று நின்றால், "பின்னால் டோசர் போட்டுச் சரி செய்வோம்" என்ற பதில் எடுபடாது. எந்தப் பகுதி எந்த மாதம் சீராகும் என்று தேதியுடன் ஒரு திட்டம் வேண்டும்.

அடுத்து டன் கணக்கு. இதை அவர்கள் மேசையில் உட்கார்ந்தே போட்டுப் பார்த்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு 10,000 டன் நிலக்கரி, சாம்பல் 35% என்றால் உலர்ந்த சாம்பல் 3,500 டன். சிமென்ட் கம்பெனிக்கு 300 டன் ஃப்ளை ஆஷ் (புகையோடு வரும் நுண்சாம்பல்) போனால் மீதி 3,200. கன்வேயர் எடைமானி எடுப்பதோ நனைத்த சாம்பலை. ஈரம் 15% என்றால் 3,200ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், சுமார் 3,765 டன் வரும். உங்கள் காலாண்டு அறிக்கையில் எந்த எண் போகிறது? தேசியக் கழிவுத் தகவல் அமைப்புக்கு ஒரு மாதம் ஈர எடையும் மறு மாதம் உலர் எடையும் போயிருந்தால் வரைபடம் ஏறி இறங்கும், கேள்வியும் வரும். எது போகிறது என்பதை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடைமானியின் கடைசி அளவுத்திருத்தச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும்.

கழிவு வகைப்பாட்டின் தேதியையும் பாருங்கள். 2013இன் ஆர்.634 விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வகைப்படுத்த வேண்டும். மூலப்பொருளோ செயல்முறையோ மாறினால் 30 நாளுக்குள். நிலக்கரி வழங்குநர் மாறியது வாங்கும் பிரிவுக்குத் தெரியும், சுற்றுச்சூழல் பிரிவுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பல நிலையங்கள் மாட்டுகின்றன.

இன்னொன்று, அவசரக் கொட்டுமிடம். கன்வேயர் டிரிப் ஆகும்போது சாம்பலை லாரியில் அள்ளி எங்கே போடுகிறீர்கள்? ஆலைக்குப் பின்னால் "தற்காலிகமாக" என்று போட்ட குவியல் லைசென்ஸில் இல்லாவிட்டால், முழுச் சோதனையிலும் மோசமான குறை அதுவாகத்தான் இருக்கும். 2013 நவம்பர் சேமிப்பு நெறிமுறைகள் அபாயக் கழிவுக்கு 80 கன மீட்டருக்கு மேலும், பொதுக் கழிவுக்கு 100 கன மீட்டருக்கு மேலும் பொருந்தும். ஒரு பெரிய டிப்பர் 10 கன மீட்டர் என்று வைத்தால், எட்டுப் பத்து நடையிலேயே வரம்பு வந்துவிடும்.

---

நீர்மட்டம்:

டிரெயின் கேள்விதான் இதில் முக்கியமானது. நீர் குறைந்ததை நல்ல செய்தி என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம் ஆபத்தில்லாதது. மேல் சாம்பல் தடிமனாகத் தடிமனாக மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வடிகாலுக்கு வர நாளாகும். அப்படியானால் குறைவு படிப்படியாக இருக்கும், மழைக்குப் பின் வரும் ஏற்றமும் மழுங்கியிருக்கும்.

இரண்டாவது படிவு. சாம்பல் நீரின் பி.எச். 11, 12 என்று நிற்கும், கால்சியம் நிறைய. குழாய் வாயில் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். வாயைக் குனிந்து பாருங்கள். வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்ட முடியாத படிவு இருந்தால் அதே படிவு உள்ளேயும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். மூன்றாவது, ஜியோடெக்ஸ்டைல் (வடிகட்டும் துணி) அடைப்பு. ஃப்ளை ஆஷின் பெரும்பகுதி 45 மைக்ரானுக்கும் கீழே. முதல் அடுக்கில் நனைக்காத நுண்சாம்பல் நேரே துணி மேல் விழுந்திருந்தால் துளைகளை மூடிவிடும்.

நான்காவதுதான் கெட்டது: நீர் லைனர் வழியாக வேறு பக்கம் போகிறது.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. கிளாஸ் சி என்றால் மேலிருந்து கீழாக 300 மி.மீ. ஃபிங்கர் டிரெயின், 100 மி.மீ. மணல் பாதுகாப்பு அடுக்கு அல்லது அதற்கு ஈடான ஜியோடெக்ஸ்டைல், 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாள், 150 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காக 300 மி.மீ. களிமண், அதற்கடியில் கண்காணிப்புடன் கூடிய அடிவடிகால். அந்த அடிவடிகால் நீர் சேரும் சம்பில்தான் (தொட்டியில்தான்) விடை இருக்கிறது. மேல் டிரெயின் குறைந்த அதே காலத்தில் அடிவடிகாலில் ஓட்டம் கூடியிருக்கிறதா? மின்கடத்துத்திறனும் போரானும் ஏறியிருக்கின்றனவா? ஏறவில்லை, ஓட்டமும் கூடவில்லை என்றால் அடைப்பு என்று நம்பலாம். ஆனால் அடைப்பு என்றாலும் நிம்மதி இல்லை. வடியாத நீர் தாள் மேல் தேங்கும், தேங்கும் உயரம் கூடினால் ஒரு ஊசித்துளை வழியே போகும் கசிவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். நீர் உயரம் அந்த 300 மி.மீ. வடிகால் அடுக்குக்குள் நிற்கிறதா என்று பீசோமீட்டரில் (நீரழுத்தம் அளக்கும் கருவியில்) காட்டத் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியது: துப்புரவுக் குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பதிவு செய்யுங்கள், பிறகு ஜெட்டிங் (அழுத்த நீரால் கழுவுவது). அழுத்தத்தை வடிவமைப்பாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், துளையிட்ட குழாயைச் சுற்றியுள்ள கல் அடுக்கு கலைந்துபோனால் பிறகு மீட்க வழியில்லை. அமிலம் ஊற்றும் யோசனையை அவர் கையெழுத்து இல்லாமல் தொடவே வேண்டாம். குழாய் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்குமாறு வளைவு வைத்தால் காற்று உள்ளே போகாது, படிவு மெதுவாகும். செலவு கம்மி, பலன் அதிகம்.

லைனரின் தரக் கோப்பையும் தயாராக வையுங்கள். இரட்டைத் தட வெல்டுகளுக்குக் காற்றழுத்தச் சோதனைப் பதிவு, எக்ஸ்ட்ரூஷன் வெல்டுகளுக்கு வேக்வம் பாக்ஸ் பதிவு, வெட்டியெடுத்த மாதிரிகளின் உரிப்பு, வெட்டு வலிமை முடிவுகள், சாம்பல் விழும் முன் மின்முறையில் ஓட்டை தேடியிருந்தால் அந்த அறிக்கை. ஒட்டுப்போட்ட இடங்கள் வரைபடத்தில் எண்ணுடன் இருக்க வேண்டும். எண் இல்லாத ஒட்டு ஒன்று கண்ணில் பட்டாலும் மற்ற ஒட்டுகள் மீதும் சந்தேகம் வரும்.

இனி சுரங்கம். மேலாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் சல்ஃபேட்டை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது. இரண்டு பக்கமும் சல்ஃபேட் வரும். சுரங்க அமில நீரில் பி.எச். குறைவு, இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் அதிகம். சாம்பல் நீரில் போரான், மாலிப்டினம், சோடியம். பி.எச்.-ஐச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். சாம்பல் நீர் 12இல் கிளம்பினாலும் மண்ணில் ஊர்ந்து போர்வெல்லுக்கு வரும்போது 7, 8 ஆகிவிடும். சுண்ணாம்பால் தணிந்த சுரங்க நீரும் அதே இடத்தில் வந்து நிற்கும். போரான்-சல்ஃபேட் விகிதத்தைப் பழைய பதிவுகளிலிருந்தே வருட வாரியாக வரையுங்கள். சல்ஃபேட்டோடு போரானும் ஏறினால் மேலாளர் வாதம் அங்கேயே முடிந்தது.

நீரோட்டத் திசையையும் இப்போதைய அளவில் மறுபடி வரையுங்கள். குறைந்தது மூன்று போர்வெல்லின் நீர்மட்டம், கடல்மட்ட உயரத்தில். சுரங்கம் இயங்கியபோது நீரை இறைத்துக்கொண்டிருந்தது, அப்போது எல்லா நீரும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மூடி நிரம்பிய பின் சாய்வு திரும்பியிருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் "மேல்பக்கம்" என்று பெயரிட்ட போர்வெல் இன்று மேல்பக்கமே இல்லாமல் போயிருக்கும். அதை ஒப்பீட்டு அடிப்படையாக வைத்து வருடாவருடம் அறிக்கை அனுப்புவது வெறும் வீண் வேலை.

---

ஹைவெல்ட்காற்று:

மிக்க நன்றி. அடிவடிகால் சம்பை மாதாமாதம் அளக்கிறோம், ஆனால் ஓட்டம் மட்டும்தான், நீரின் தரம் இல்லை. உடனே சேர்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: அவர்கள் மேட்டிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் மாதிரி எடுத்தால் நாங்களும் எடுக்கலாமா? ஆர்.ஓ. கழிவுநீரைச் சாம்பல் நனைக்கப் பயன்படுத்துகிறோம். அதைப் பற்றியும் கேட்பார்களா?

---

டர்பன்லேப்:

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 1998இன் 107ஆம் எண் சட்டம் (தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம்), பிரிவு 31எச்., அவர்களுக்கு மாதிரி எடுக்கவும் ஆவணங்களை நகலெடுக்கவும் கேள்வி கேட்கவும் அதிகாரம் தருகிறது. தடுப்பது குற்றம். அதே மாதிரியைப் பங்கிட்டுத் தரும்படி கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் பொதுவாகத் தருவார்கள். தராவிட்டால் அதே நேரத்தில், அதே முறையில், பக்கத்திலேயே உங்கள் மாதிரியை எடுத்துவிடுங்கள்.

போர்வெல்லில் எங்கே சண்டை வரும் என்றால் தயாரிப்பில். நீரை இறைத்து, பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றும் நிலைத்த பிறகே குப்பியை நிரப்ப வேண்டும். கரைந்த உலோகங்களுக்குக் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே. வடிகட்டாமல் அமிலம் விட்டால் மண் துகளிலிருந்த உலோகமும் கரைந்து, இல்லாத மாசு எண்ணில் வந்து நிற்கும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு மட்டும் அமிலமே கூடாது, தனிக் குப்பி, ஐஸ் பெட்டி, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். ஒவ்வொரு குப்பியும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற படிவம் இல்லாவிட்டால் உங்கள் முடிவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

அலகைக் கவனியுங்கள், இது எளிய பொறி. இங்கே லைசென்ஸில் மின்கடத்துத்திறன் மில்லிசீமன்ஸ்/மீட்டரில் இருக்கும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குப் பழக்கம் மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. பத்து மடங்கு வித்தியாசம்: 150 மில்லிசீமன்ஸ்/மீட்டர் என்றால் 1,500 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே படிவத்தில் எழுதியதால் வரம்பு மீறல் என்று பதிவான மாதங்கள் பல கோப்புகளில் உண்டு. உங்கள் பழைய தாள்களை ஒருமுறை புரட்டுங்கள்.

சாம்பல் மாதிரிக்கு ஆர்.635 நெறிமுறை. மொத்தச் செறிவு ஒன்று, கசியும் செறிவு ஒன்று. கசிவுச் சோதனை ஏ.எஸ். 4439 முறை, ஒரு பங்கு சாம்பலுக்கு இருபது பங்கு நீர். உங்கள் மேட்டில் சாம்பல் தவிர வேறு எதுவும் போகாவிட்டால் சாதாரண ஆய்வக நீர் போதும். குப்பையோடு கலந்து போடும் இடங்களுக்குத்தான் அசெட்டிக் அமிலக் கரைசல். ஆய்வகத்துக்கு "தனிக்கழிவு" என்று எழுதித் தராவிட்டால் அவர்கள் அமிலத்தில் ஓட்டிவிடுவார்கள், எண்கள் தேவையில்லாமல் எகிறும்.

முடிவைப் படிக்கும்போது: போரானுக்கு முதல் கசிவு வரம்பு லிட்டருக்கு 0.5 மி.கி., ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு 0.05, மாலிப்டினத்துக்கு 0.07. கசிவு எல்லாம் அடங்கியிருந்தாலும் மொத்த பேரியம் கிலோவுக்கு 62.5 மி.கி.-ஐ நம் ஊர்ச் சாம்பல் சுலபமாகத் தாண்டும். அதனால்தான் அபாயம் குறைந்த டைப் 4 கிடைக்காமல் ஒரு படி மேலான டைப் 3 வருகிறது, டைப் 3க்கு கிளாஸ் சி. உங்கள் நீட்டிப்புக்கு லைனர் போட்டதன் காரணமும் இதுதான்.

ஆர்.ஓ. கழிவுநீர்: நிச்சயம் கேட்பார்கள். அதைச் சாம்பலில் ஊற்றினால் சோதிக்க வேண்டியது வெறும் சாம்பலை அல்ல, நனைத்துக் கன்வேயரில் வரும் சாம்பலை. சைலோவிலிருந்து எடுத்த உலர் மாதிரியை வைத்து வகைப்படுத்தியிருந்தால் அந்த வகைப்பாடே நிற்காது. மேலும் நிலத்தில் கொட்டுவதற்கான ஆர்.636 நெறிமுறை, கரைந்த உப்பு 5%க்கு மேலும் கசிவில் லிட்டருக்கு 1,00,000 மி.கி.க்கு மேலும் உள்ள உப்புக் கழிவை நிலத்தில் போட எட்டு வருட அவகாசத்துக்குப் பின் தடை செய்கிறது. அந்த நெறிமுறை 2013 ஆகஸ்ட் 23இல் வந்தது, அவகாசம் 2021இலேயே முடிந்தாயிற்று. சாதாரண ஆர்.ஓ. கழிவுநீர் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஆவியாக்கியின் அடிநீர் போகலாம். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்கிறதா என்று குழாய் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். லைசென்ஸில் அந்த நீரைப் பயன்படுத்த அனுமதி எந்த நிபந்தனையில் இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். நீர்ச் சட்டம் 1998, பிரிவு 21இன் கீழ் தனி அனுமதியும் தேவைப்படும்.

---

தூசிக்கணக்கு:

வாளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் உங்கள் கோப்பில் ஏற்கெனவே நிரூபணமான மீறல்.

2013 நவம்பர் 1இன் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள்: குடியிருப்புப் பகுதியில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 600 மி.கி., மற்ற இடத்தில் 1,200. வருடத்துக்கு இரண்டு முறை தாண்டலாம், ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் கூடாது. உங்களுடையது ஆகஸ்ட், செப்டம்பர். இரண்டே முறை என்று சமாதானம் சொல்ல இடமில்லை. கண்காணிப்பு அறிக்கை கொடுத்த மூன்று மாதத்துக்குள் தூசி மேலாண்மைத் திட்டத்தை மாவட்டக் காற்றுத் தர அதிகாரியிடம் சமர்ப்பித்திருக்க வேண்டும். எமலஹ்லேனி பக்கம் என்றால் என்கங்கலா மாவட்டம். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் அது போய்ச் சேர்ந்ததற்கான ரசீது கையில் இருக்கட்டும். 2007இல் ஹைவெல்ட் முன்னுரிமைப் பகுதி என்று அறிவித்த இடம் இது, தூசியை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் எண்ணையும் சோதியுங்கள். விதியில் உள்ள முறை ஏ.எஸ்.டி.எம். டி1739இன் 1970 பதிப்பு. 1998 பதிப்பில் வாளியைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு வளையம் உண்டு, அது பிடிக்கும் அளவை மாற்றும். எந்தப் பதிப்பில் அளக்கிறீர்கள் என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். வாளியின் உள்விட்டம் 150 மி.மீ. என்று வைத்தால் வாய்ப் பரப்பு 0.0177 சதுர மீட்டர். 600 என்ற வரம்புக்கு 30 நாளில் விழ வேண்டியது வெறும் 318 மி.கி., கால் டீஸ்பூன்கூட இல்லை. ஒரு பறவை எச்சமோ பக்கத்து மக்காச்சோள வயலின் உழவுத் தூசியோ போதும். வடிகட்டித் தாளை ஆய்வகம் தூக்கிப் போடவில்லை என்றால் நுண்ணோக்கியில் பாருங்கள். ஃப்ளை ஆஷ் உருண்டையாக, கண்ணாடி மணிபோல இருக்கும். மண் தூசி கோணல்மாணலாக இருக்கும். மணிகள் அதிகம் என்றால் வாதாடாமல் ஒப்புக்கொண்டு வேலையைக் காட்டுங்கள்.

வேலை என்றால்: திறந்து கிடக்கும் பரப்பைக் குறைப்பது முதலில். கொட்டி முடித்த மேல்தளத்தில் மேல்மண் போட்டு அடுத்த மழைக்குள் புல் பிடிக்க வைக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர்களில் மீட்பு நீர் ஓடினால் நாசில்கள் அதே சுண்ணாம்பில் அடைந்துபோகும். வரிசையாக நடந்து, எத்தனை முழு வட்டம் சுற்றுகின்றன என்று எண்ணிப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் அதைத்தான் செய்வார். சாம்பலின் ஈரமும் முக்கியம்: குறைந்தால் டிரான்ஸ்ஃபர் சூட்டில் (கன்வேயர் மாறும் சரிவுக் குழாயில்) தூசி பறக்கும், கூடினால் சூட் அடைத்து கன்வேயர் நிற்கும். நின்றால் பழைய_டோசர் சொன்ன லாரிக் குவியல். ஆப்பரேட்டர்கள் அடைப்புக்குப் பயந்து நீரைக் குறைத்து வைப்பது எங்கும் நடப்பதுதான். ஷிஃப்டுக்கு ஒரு ஈர மாதிரி எடுத்து அடுப்பில் உலர்த்திப் பதிவு செய்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வரும்.

---

பழைய_டோசர்:

ஹைவெல்ட்காற்று, வரும் நாளுக்கான சில விஷயம். மாசுநீர்க் குட்டையைப் பார்த்தீர்களா? ஜி.என். 704 அறிவிக்கை சுரங்கங்களுக்கு எழுதியது என்றாலும் உங்கள் நீர் அனுமதியில் அதே எண்களைப் போட்டிருப்பார்கள்: 0.8 மீட்டர் ஃப்ரீபோர்டு (நீருக்கு மேல் விட வேண்டிய கரை உயரம்), 50 வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழியக் கூடாது. அளவுகோல் பலகை நட்டிருந்தால் மட்டும் போதாது, பூஜ்யம் எங்கே என்று சர்வேயில் தெரிய வேண்டும். அடியில் சாம்பல் வண்டல் ஒரு மீட்டர் படிந்திருந்தால் கொள்ளளவு காகிதத்தில்தான் இருக்கிறது. சோதனைக்கு முன் தூர் வாரினால் அந்த வண்டல் எங்கே போனது என்ற பதிவும் சேர்த்து வேண்டும்.

சுத்த நீர் வாய்க்காலும் அழுக்கு நீர் வாய்க்காலும் ஒன்றோடொன்று சேரும் இடம் எங்காவது இருக்கும். பெரும்பாலும் சாலைக் கல்வெர்ட் அடியில். மழை இல்லாத நாளில் நடந்து போய்ச் சாம்பல் தடம் எந்த வாய்க்காலில் இருக்கிறது என்று பாருங்கள்.

மேட்டுக்கு அவசர அவசரமாக வெள்ளையடிக்கும் வேலையை மேலாளர் சொன்னால் தடுத்துவிடுங்கள். புதிதாக இழுத்த சரிவு இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு உடனே தெரியும், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று சாட்டிலைட் படத்தைத் திறப்பார். குறை இருந்தால் நீங்களே முன்னால் எடுத்துக்காட்டுங்கள், காரணம், தேதி, பொறுப்பாளர் மூன்றும் எழுதி. கசிவோ திடீர் வழிதலோ நடந்திருந்தால் அதே 107ஆம் எண் சட்டத்தின் பிரிவு 30இன் கீழ் உடனே தெரிவித்து 14 நாளுக்குள் எழுத்து அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். அது கொடுக்காமல் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி இருந்தால், சம்பவத்தைவிட அந்த மௌனம்தான் பெரிய குற்றமாகப் போகும்.

கூட நடப்பவர் சாம்பல் மேட்டு ஃபோர்மேனாக இருக்கட்டும். "இந்த வால்வு எதற்கு?" என்று கேட்டால் அவருக்குத்தான் தெரியும். ஒருவர் குறிப்பெடுங்கள், அவர்கள் படம் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நீங்களும் ஒரு படம், ஜி.பி.எஸ். உடன். கேட்ட ஆவணம் கையில் இல்லாவிட்டால் "இல்லை, இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு 31எல். நோட்டீஸ் (குறையைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு) தர நினைத்தாலும் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டுக் கடிதம் வருவது வழக்கம். அப்போது கைகொடுப்பது அன்றைக்கு எழுதிய குறிப்புதான்.

---

ஹைவெல்ட்காற்று:

அனைவருக்கும் நன்றி. குழாய் வாயைப் பார்த்தேன், வெள்ளைப் படிவுதான், கட்டை விரல் தடிமன். அடிவடிகால் சம்பின் மின்கடத்துத்திறன் 38 மில்லிசீமன்ஸ்/மீட்டர், போரான் முடிவு இன்னும் வரவில்லை. கேமராவுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

---

நீர்மட்டம்:

38 என்றால் மேல் டிரெயினின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பல நூறில் இருந்தால் கசிவு இப்போதைக்கு இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் போரான் வரும்வரை அறிக்கையில் அந்த வார்த்தையைப் போடாதீர்கள். கேமரா விடும் முன் பீசோமீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, ஜெட்டிங் முடிந்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அளவெடுங்கள்.